ஏறி இறங்கும் தட்டுகள்

நவராத்திரி நெருங்கும் நாள்களில் எங்கள் வீட்டுப் பரண் காலியாகிவிடும். தகரப் பெட்டிகள், மரப் பெட்டிகள், முக்காலி, பழைய புத்தகக் கட்டுகள், நெல் அளக்கும் மரக்கால் ஆகிய யாவும் கூடத்திற்கு இறங்கி வரும். அவற்றை வரிசையாக அடுக்கி, மேலே பலகைகளைப் பரப்பி, வெளுத்த வேட்டி ஒன்றை விரித்துவிட்டால் ஐந்து படிக் கொலு எழுந்து நிற்கும். முன்படியில் இருக்கும் பொம்மை பின்படியில் இருப்பதை மறைக்கலாகாது. ஆகவே, உயரமான பொம்மை ஒன்று புதிதாக வந்த ஆண்டில், அதற்குப் பின்னுள்ள படியின்கீழ் இன்னொரு பெட்டி ஏறும். விழா முடிந்ததும் பெட்டியும் பலகையும் தத்தம் இடத்திற்குத் திரும்பிவிடும். பொருளுக்கேற்பத் தட்டுதான் மாறவேண்டுமேயன்றித் தட்டுக்கேற்பப் பொருள் மாறாது என்னும் பாடத்தை நான் முதன்முதலில் கற்றது பள்ளியிலன்று. என் அன்னையார் கட்டிய கொலுப் படியில்தான்.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கடைகளில் சரக்குகளைக் காட்சிக்கு வைக்கும் ஏறி இறங்கும் தட்டுகளைப் பற்றியது. கடைத்தெருவில் இதனை 'ராக்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கணக்கும் அறிவியலும் கற்பித்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்குக் கடை ராக்கில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை இப்பேச்சின் பிற்பகுதியில் வரும். அவ்விடை எனக்குப் பெருமை தருவது அன்று.

முதலில் பழைய பலசரக்குக் கடையை நினைவுபடுத்திக்கொள்வோம். வாசலில் ஒரு மேடை, அதன்மேல் கல்லாப்பெட்டி, மேடைக்குப் பின்னே கடைக்காரர், அவர் முதுகுக்குப் பின்னே சுவர் முழுதும் மர அலமாரி. வாங்குபவர் வெளியே நிற்பார், சீட்டை நீட்டுவார், கடைக்காரர் எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டித் தருவார். அந்த அலமாரியைத் தச்சர் ஒருமுறை செய்து சுவரோடு பொருத்திவிட்டால், அது மூன்று தலைமுறைக்கு அசையாது. அதில் குறையொன்றும் இருந்ததாகத் தோன்றவில்லை. ஏனெனில் அக்காலத்துச் சரக்கு பெரும்பாலும் மூட்டையிலும் டப்பாவிலும் இருந்தது. டப்பாக்கள் ஒரே உயரம். ஆகவே தட்டுகளும் ஒரே இடைவெளி. மேலும், எந்த டப்பாவில் எது இருக்கிறது என்பதைக் கடைக்காரர் ஒருவர் அறிந்தால் போதும். வாங்குபவர் அறியவேண்டிய தேவையில்லை.

இந்த நிலையை மாற்றியது தட்டு அன்று, விற்கும் முறை. 1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்னும் விந்தைப் பெயரோடு ஒரு கடையைத் திறந்தார். அங்கு மேடையும் இல்லை. மேடைக்குப் பின்னால் எடுத்துத் தரும் ஆளும் இல்லை. வாங்குபவர் கூடையோடு உள்ளே நுழைந்து, தட்டுகளினூடே வகுத்த வழியில் நடந்து, வேண்டியதைத் தாமே எடுத்துக்கொண்டு, வெளியேறும் இடத்தில் பணம் கொடுத்தார். பொருள்கள்மீது விலை குறிக்கப்பட்டிருந்தது. இந்த ஏற்பாட்டிற்கு அவர் 1917-இல் காப்புரிமையும் பெற்றார். இன்று நம் ஊர்களிலெல்லாம் காணும் சூப்பர் மார்க்கெட்டுகளின் முன்னோடிகளுள் அக்கடை தலையாயது.

இம்மாறுதலின் உட்பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். பழைய கடையில் கடைக்காரரின் வாய் செய்த வேலையைப் புதிய கடையில் தட்டு செய்தாக வேண்டும். "இது இருக்கிறது, விலை இவ்வளவு, இதைவிடச் சிறியதும் உண்டு" என்று தட்டே சொல்லவேண்டும். ஆகவே ஒவ்வொரு பொருளும் முகம் தெரிய நிற்கவேண்டும்; கைக்கு எட்டவேண்டும். சுவரில் அறைந்த அலமாரியால் இது இயலாது.

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்குகிறேன். தரையிலிருந்து 180 சென்டிமீட்டர் உயரம் நமக்கு உண்டு என்று கொள்வோம். தச்சர் மிகப் பெரிய பொருளான எண்ணெய் டின்னை மனத்திற்கொண்டு 45 சென்டிமீட்டருக்கு ஓர் அடுக்கு வீதம் அமைத்தால், நான்கு அடுக்குகள் கிடைக்கும். இப்போது எண்ணெய் டின் கீழடுக்கில் மட்டும் இருக்கிறது. மேலே இருப்பவை மாவுப் பொட்டலம், பிஸ்கட், சோப்பு, தீப்பெட்டிக் கட்டு. தீப்பெட்டிக் கட்டுக்கு மேலே பெரும் வெற்றுவெளி! அவ்வடுக்குகளைப் பொருளின் உயரத்திற்கேற்ப 45, 35, 30, 25, 25, 20 என்று வகுத்துவிட்டால், அதே 180 சென்டிமீட்டரில் ஆறு அடுக்குகள் அமையும். தரை ஓர் அங்குலமும் கூடவில்லை. வாடகை ஒரு ரூபாயும் ஏறவில்லை. சரக்கு வைக்கும் பரப்பு ஒன்றரை மடங்காயிற்று. சிறு கடைக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்த வகுப்பு என்றும் நிலைத்திராது. ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகம் வரும். தண்ணீர்ப் போத்தல் வரும். புரட்டாசியில் சுண்டலுக்குரிய பயறு வகைகள் முன்னுக்கு வரும். கார்த்திகைக்கு அகல் விளக்கு; மார்கழிக்குக் கோலப்பொடி; தைக்கு வெல்லமும் பானையும். ஆகவே தட்டு ஒருமுறை சரியாக அமைந்தால் மட்டும் போதாது; வேண்டும்போதெல்லாம் ஏறி இறங்கவேண்டும். அதுவும் தச்சரை அழைக்காமல், ஆணியைப் பிடுங்காமல் நடக்கவேண்டும்.

இதற்கு வழி கண்டவர்களுள் ஒருவர் கடைக்காரரும் அல்லர், தச்சரும் அல்லர், அச்சகம் நடத்தியவர். டெமீட்ரியஸ் கொமினோ என்பது அவர் பெயர். கிரேக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், பொறியியல் பயின்று லண்டனில் அச்சுத் தொழில் செய்தவர். அச்சகத்தில் தாளும் மையும் அச்சுப் பலகைகளும் வைக்கத் தட்டுகள் வேண்டும். வேலை மாறும்போது அவற்றைக் கலைத்து வேறு விதமாகக் கட்டவேண்டும். ஒவ்வொரு முறையும் மரத்தை அறுத்து, பின்னர் அதனையே கழித்து எறிவது அவருக்கு வீணாகத் தோன்றியது. எஃகுத் தகட்டை 'ட' எழுத்தின் வடிவில் நீளவாக்கில் மடித்து, இரு பக்கங்களிலும் ஒரே ஒழுங்கில் துளைகளை வெட்டிவிட்டால் என்ன என்று அவர் எண்ணினார். வேண்டிய நீளத்திற்கு நறுக்கலாம். போல்ட்டும் நட்டும் கொண்டு எந்தத் துளையிலும் எதனையும் பிணைக்கலாம். வேண்டாதபோது கழற்றி மீண்டும் பயன்படுத்தலாம். 1947-இல் 'டெக்ஸியன்' என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. நம் ஊர் அலுவலகங்களிலும், நூலகங்களின் பின்னறையிலும், மருந்துக் கடைகளின் கிடங்குகளிலும் சாம்பல் நிறத்தில் நிற்கும் 'ஸ்லாட்டட் ஆங்கிள்' இந்த வகையைச் சேர்ந்ததே.

இக்கருத்தின் வேர் ஒரு விளையாட்டுப் பொருளிலும் காணப்படும். இங்கிலாந்தின் லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர் தம் பிள்ளைகளுக்காகத் துளையிட்ட தகரப் பட்டைகளைச் செய்து, 1901-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அது 'மெக்கானோ' என்று உலகெங்கும் புகழ்பெற்றது. அதன் சிறப்பு பட்டையில் இல்லை. அரை அங்குலத்திற்கு ஒரு துளை என்ற மாறா விதியில் இருக்கிறது. இவ்விதி இருந்ததால்தான் எந்தப் பட்டையும் எந்தப் பட்டையோடும் பொருந்தியது. நினைவில் வையுங்கள்: பட்டையை எப்படியும் மாற்றலாம் என்னும் உரிமை, துளையின் இடைவெளியை ஒருபோதும் மாற்றலாகாது என்னும் கட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது.

இனி, இன்றைய கடை ராக்கின் உறுப்புகளைக் காண்போம். கிடங்கிலுள்ள ஆங்கிளில் தட்டை மாற்ற நட்டைக் கழற்றவேண்டும். கடையின் முன்பகுதியில் அதற்கு நேரமில்லை. ஆகையால் இங்கு நட்டும் இல்லை, போல்ட்டும் இல்லை. நிமிர்ந்து நிற்கும் தூணின் முகத்தில், கீழிருந்து மேல்வரை, சம இடைவெளியில் நீண்ட துளைகள் இருக்கும். பல ராக்குகளில் இந்த இடைவெளி 50 மில்லிமீட்டர். தூணின் அடியில் முன்னோக்கி நீண்ட பாதம் உண்டு. அதுவே ராக் முன்புறம் கவிழாமல் காப்பது. இரு தூண்களுக்கு இடையே பின்பலகை. தட்டின் இரு முனைகளையும் தாங்குவன 'பிராக்கெட்' என்னும் இரண்டு கைகள். ஒவ்வொரு கையின் பின்முனையிலும் கீழ்நோக்கி வளைந்த கொக்கிகள் உள்ளன. கையைச் சற்றே தூக்கிக் கொக்கிகளைத் துளைக்குள் நுழைத்து, பின் கீழே அழுத்தினால், கொக்கிகள் தூணின் தகட்டைக் கவ்விக்கொள்ளும். தட்டின் மேல் எடை ஏற ஏறப் பிடி இறுகும். கழற்றவேண்டுமானால் எதிர்முறையாகத் தூக்கி இழுக்கவேண்டும். தட்டின் முன்விளிம்பில் விலைச்சீட்டைச் செருகும் பட்டையும் உண்டு.

கை நீட்டி வாளியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் இயக்கவியல் எளிதில் விளங்கும். வாளியை உடலோடு ஒட்டிப் பிடித்தால் பாரம் தெரியாது. கையை நீட்டினால் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். தட்டின் ஆழம் 40 சென்டிமீட்டர். அதன்மேல் 40 கிலோ சரக்கு சீராகப் பரவியிருக்கிறது என்று கொள்வோம். ஒரு கைக்கு 20 கிலோ. அந்த எடை தூணிலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதுபோல் செயற்படும். மேல் கொக்கிக்கும் கீழ் கொக்கிக்கும் இடையே 10 சென்டிமீட்டர். நெம்புகோல் விதிப்படி, மேல் கொக்கியைத் தூணிலிருந்து பிடுங்கப் பார்க்கும் விசை 20-ஐ 20-ஆல் பெருக்கி 10-ஆல் வகுக்கக் கிடைப்பது. அதாவது 40 கிலோ. அதே சரக்கை முழுதும் முன்விளிம்பிற்கு நகர்த்திவிட்டால், அவ்விசை 80 கிலோவாகிவிடும். எடை கூடவில்லை, இடம் மட்டும் மாறிற்று, இழுவையோ இருமடங்காயிற்று.

இவ்வளவு கணக்கும் அறிந்திருந்தும் நான் செய்த பிழையை இப்போது சொல்லவேண்டும்.

தென்காசிப் பக்கத்தில் உள்ள எங்கள் சிறு நகரில் என் பழைய மாணவர் ஒருவர் தம் தந்தையாரின் பலசரக்குக் கடையை நடத்தி வருகிறார். அதே தெருவில் பெரிய நிறுவனத்தின் கடை ஒன்று வரப்போகிறது என்ற செய்தி பரவியபோது அவர் என்னிடம் வந்தார். "ஐயா, மேடையை இடித்துவிட்டு, ஆட்கள் உள்ளே வந்து எடுக்கும்படி மாற்றப்போகிறேன். பள்ளி நூலகத்தை நீங்கள்தானே ஒழுங்குபடுத்தினீர்கள்? இதற்கும் ஒரு வழி சொல்லவேண்டும்" என்றார். மாணவன் கேட்டால் ஆசிரியனுக்கு மறுக்கத் தெரியுமா? அளவெடுத்தோம், ராக் வாங்கினோம், நிறுவினோம். கடையில் பணிபுரிந்தவர்களை அழைத்து, கையை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று காட்டி, "இனித் தச்சர் வேண்டாம், யார் வேண்டுமானாலும் மாற்றலாம்" என்று பெருமிதத்தோடு சொன்னேன்.

ஆறு மாதங்கள் நன்றாக நடந்தது. பிறகு இன்னும் சில தட்டுகள் தேவைப்பட்டன. முதலில் வாங்கிய இடத்தில் சரக்கு வரத் தாமதமாகும் என்றார்கள். வேறொரு பட்டறையில், பார்வைக்கு அதே போன்ற கைகள் மலிவாகக் கிடைத்தன. நானும் உடன் சென்றிருந்தேன். கொக்கி மூன்று, நிறம் அதே வெள்ளை, தூணில் நுழைத்துப் பார்த்தோம், நுழைந்தது. சற்று இறுக்கமாக இருந்ததால், பையன்கள் மரச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி இறக்கினார்கள். "புதிது அல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்று நானே சொன்னேன்.

நான்காம் நாள், கடையில் பல்லாண்டுகளாகப் பணிபுரியும் அம்மையார் ஒருவர் ஊறுகாய்ப் போத்தல்களை அந்தத் தட்டில் அடுக்கினார். வாங்குபவர் கண்ணில் படவேண்டும் என்று முன்விளிம்பில் வரிசையாக வைத்தார். ஒருபக்கக் கை பிடி விட்டது. தட்டு சாய்ந்தது. கண்ணாடிப் போத்தல்கள் அவர் காலில் விழுந்து உடைந்தன. ஆறு தையல்கள் போடவேண்டியிருந்தது. அவ்வேளையில் தட்டின் கீழே குழந்தை எதுவும் நிற்காதது நல்லூழ்.

மறுநாள் வெர்னியர் அளவுகோலோடு கடைக்குச் சென்றேன். முன்பே செய்திருக்கவேண்டிய வேலை அது. முதலில் வாங்கிய தூணில் துளைக்குத் துளை 50 மில்லிமீட்டர். புதிய கையில் கொக்கிக்குக் கொக்கி 50.8 மில்லிமீட்டர்; அதாவது சரியாக இரண்டு அங்குலம். ஒன்று மீட்டர் அளவில் பிறந்தது. மற்றது அங்குல அளவில் பிறந்தது. முதல் கொக்கிக்கும் இரண்டாவதற்கும் வேறுபாடு 0.8 மில்லிமீட்டர், மூன்றாவதற்கு வரும்போது அது 1.6 ஆகிவிடுகிறது. ஆகவே மூன்று கொக்கிகளும் ஒருங்கே முழுமையாக இறங்கவில்லை. சுத்தியால் தட்டியதில் கவ்வியதுபோல் தோன்றியதேயன்றி உண்மையில் கவ்வவில்லை. வகுப்பில் எத்தனை முறை, "சிறு பிழை பெருகிப் பெரும்பிழையாகும்" என்று கரும்பலகையில் எழுதியிருப்பேன்! வாழ்நாளெல்லாம் அளவு கற்பித்தவன், அளக்கவேண்டிய இடத்தில் கண்ணை நம்பினேன்.

அம்மையாரைப் பார்க்கச் சென்றபோது அவர் கோபிக்கவில்லை. "யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், ஐயா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. மாற்றும் உரிமையைக் கற்பித்த நான், அதற்குரிய விதியைக் கற்பிக்கவில்லை. பாதிப் பாடம் நடத்திவிட்டு மணி அடித்துவிட்டேன்.

எஞ்சிய பாதியை இப்போது உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடை வைத்திருப்போரும் வைக்க எண்ணுவோரும் கருத்தில் கொள்ளவேண்டியவை இவை. தூணும் கையும் ஒரே செய்முறையைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். உறுப்புகளை இணைத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் சொல்வது, பெரும்பாலும் அவரவர் உறுப்பை அவரவர் உறுப்போடு இணைப்பதைத்தான் குறிக்கும். மேலும் வாங்கும்போது பழைய கை ஒன்றை உடன் கொண்டுசென்று, இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்துக் கொக்கிகள் ஒத்து நிற்கின்றனவா என்று பாருங்கள். சுத்தி தேவைப்பட்டால் அது பொருந்தவில்லை என்பதே பொருள். தட்டின் இரு கைகளும் ஒரே எண்ணுள்ள துளையில் இருக்கவேண்டும். கீழிருந்து எண்ணிப் பத்தாவது துளைதோறும் வண்ணப் புள்ளி வைத்துவிட்டால் எண்ணுவது எளிது. சரக்கு இருக்கும்போது தட்டை நகர்த்தலாகாது. கனமானது கீழே, இலேசானது மேலே. நிரப்பும்போது கீழிருந்து மேலாகவும், காலி செய்யும்போது மேலிருந்து கீழாகவும் செய்யவேண்டும். சுவரோரம் நிற்கும் ராக்கைச் சுவரோடு திருகாணியால் பிணைக்கவேண்டும். நடுவில் நின்று இருபுறமும் தட்டுடையதில், இருபுறமும் எடை ஏறத்தாழ ஒத்திருக்கவேண்டும். கண்ணாடிப் பொருளை விளிம்பில் நிறுத்தலாகாது.

இவையெல்லாம் ஒரு கடைக்குரிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இதன் அடியில் நாட்டுக்கே உரிய உண்மை ஒன்று இருக்கிறது. 1956-இல் நம் நாட்டில் எடை அளவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் நயா பைசா வந்தது. ஊருக்கொரு படியும் வட்டாரத்திற்கொரு மணங்கும் போய், கிலோவும் லிட்டரும் வந்தன. அக்காலத்தில் அதனைத் தொல்லை என்று முணுமுணுத்தோர் பலர் என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆயினும் பொது அளவு ஒன்றிருப்பதால்தான், நாகர்கோவிலில் வாங்கியவர் டில்லியில் விற்றவரை நம்ப முடிகிறது. நம்பிக்கை என்பது அளவில் ஒத்திருத்தலே. ராக்கின் துளையும் கொக்கியும் எனக்குக் கற்பித்தது இதுதான்.

என் மாணவரின் கடை இன்றும் நடக்கிறது. பெரிய கடையும் வந்துவிட்டது. இரண்டிற்கும் ஆட்கள் வருகிறார்கள். அந்த இரண்டங்குலக் கைகளைப் பட்டறையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஒன்றை மட்டும் நான் வாங்கி என் மேசைமேல் வைத்திருக்கிறேன். கடையில் அந்த அம்மையார்தாம் இப்போது தட்டுகளுக்குப் பொறுப்பாளர். காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு கையையும் உள்ளங்கையால் ஒருமுறை தட்டிப் பார்க்கிறார். நன்றாகக் கவ்விய கை ஊமைபோல் இருக்கிறதாம்; கவ்வாதது கலகலக்கிறதாம். சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்திக்கு அவர் அதனைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "யார் வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் மாற்றியவர் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சரக்கு வைக்கவேண்டும்" என்றார் அவர். நான் விட்ட பாதிப் பாடத்தை அவர் நிறைவு செய்துவிட்டார்.